சுவரில் பூத்த உப்பு

"தூக்கிப் புடிங்கப்பா, நெலப்படியில இடிக்குது!" என்று சிங்காரம் மாமா கத்த, நாலு பேர் ஐஸ் பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து சுவரோரம் தள்ளினார்கள். உள்ளே தனகோடி படுத்திருந்தார். ஆயுசு பூராவும் உப்பளத்து வெயிலில் வெந்த மனுஷனுக்கு இன்றைக்குத்தான் குளிர்சாதனம் வாய்த்தது. பிளக்கைச் செருகியதும் பெட்டி உறுமத் தொடங்கியது. வழிவிட்டு ஒதுங்கிய மகள் செந்தமிழ் சுவரில் கையூன்றினாள். விரலிலிருந்து முழங்கை வரை ஜிவ்வென்று ஏறியது.

கையை வெடுக்கென இழுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அழுததில் உடம்புதான் நடுங்குகிறதோ என்று நினைத்தாள். புறங்கையால் மறுபடி லேசாகத் தொட்டாள். அதே ஜிவ்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். காலையில் அப்பா அங்கேதான் வெறுங்காலோடு விழுந்துகிடந்தார், குழாயில் தண்ணீர் ஓடியபடி. டாக்டர் வந்து நாடி பார்த்து, ஹார்ட் அட்டாக் என்றார். பீடி பிடிக்கிறவர், பிரஷர் மாத்திரை போடுகிறவர். யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மரக்காணத்தில் உப்புப் பூக்காத சுவர் எந்த வீட்டில் இருக்கிறது? பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கூட, "பெரியவரே, உள்ள பைப்பு லீக் ஆவுதான்னு பாருங்க" என்றார். அப்பா நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம உப்புதாம்பா. கடக்காத்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். காலமெல்லாம் உப்பு வாரியவரின் நாக்கை எதிர்த்து யார் பேசுவார்கள்? வீடே சிரித்தது. செந்தமிழும் சேர்ந்துதான் சிரித்தாள்.

கடற்காற்றில் பூக்கும் உப்பு கண்ட இடத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். இதுவோ இடுப்பு உயரத்தில், கோடு போட்ட மாதிரி, பாத்ரூம் குழாய் மட்டத்திலிருந்து சுவிட்ச் போர்டு வரை நேராக ஓடியிருந்தது. உள்ளே பழைய இரும்பு பைப் போகிற வழி அது. பைப் இற்றுப்போய்க் கசிகிறது. அந்த ஈரம் ஒயரைத் தொட்டிருக்கிறது. குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அம்மா ரெண்டு தடவை சொல்லியிருந்தாள். அப்பா சந்தையில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி பாத்ரூம் வாசலில் போட்டார். அவர் பார்த்த ரிப்பேர் அவ்வளவுதான்.

அந்தச் செருப்பு இப்போது அங்கே இல்லை. சாவு வீடு என்று யாரோ எல்லாச் செருப்பையும் தெருவில் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"அம்மா எங்க?"

"மூஞ்சி கழுவப் போனாங்களே" என்றது ஒரு குரல்.

செந்தமிழ் ஓடினாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு அம்மா விருத்தாம்பாள் குழாயை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தாள்.

"ம்மா! தொடாத! கைய எடு!"

அம்மா மிரண்டுபோய் அப்படியே நின்றாள். "இன்னாடி?"

"எதையும் தொடாம வெளிய வா. சொவுத்த தொடாத. வாம்மா, உன் கால்ல வுழறேன், வா!"

அம்மா வெளியே கால் வைத்ததும் செந்தமிழ் முன்வாசலுக்குப் பறந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஃபேன் ஓய்ந்தது. பெட்டியின் உறுமலும் நின்றது.

"ஏய், உனக்கு அறிவிருக்கா?" அம்மாவின் தம்பி சிங்காரம் மாமா பாய்ந்து வந்தார். "உன் தம்பி தேவா நாளைக்குக் காலையிலதான் துபாய்லேர்ந்து வர்றான். பெட்டிய நிறுத்திட்டா அவன் எந்த மூஞ்சியப் பாப்பான்?"

"சொவுத்துல கரண்ட் வருது மாமா. ஜனங்க சாஞ்சிக்கினு உக்காந்திருக்குது."

"உப்புப் பூத்திருக்குது, அவ்ளோதான். எல்லா வூட்லயும் பூக்குது."

"அது உப்பு இல்ல மாமா, லீக்! நேர்க்கோடா இருக்குது பாரு!"

மாமா பார்க்கவில்லை. சுவிட்சைப் போடக் கையை நீட்டினார். அவள் குறுக்கே நின்றாள். பக்கத்து வீடு உப்புப் பாத்திகளுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பெட்டிக்கு ஒயர் இழுக்கிற தூரமில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தேவா.

"அக்கா, ஏர்போர்ட்ல இருக்கேன். அப்பா மொகத்த பாத்துடுவேன் இல்ல?"

தப்பாக இருந்தால்? வெறும் பயத்தில் தம்பிக்கு அப்பாவின் முகத்தையே இல்லாமல் செய்துவிட்டால்?

"பாத்துடலாண்டா. நீ வா."

மாமாவிடம் திரும்பினாள். "அனுமந்தையில மீன் ஐஸ் கெடைக்கும். கட்டி கட்டியா எத்தினி கெடைக்குதோ அத்தினியும் கொண்டாரச் சொல்லு."

"மீன் ஐஸா? எங்க மாமனுக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டாலும் ஆள் அனுப்பினார்.

ஐஸ் வந்தது. சாக்கில் போட்டு உடைத்தார்கள். விருத்தாம்பாள் உள்ளே போய் ஒரு முறம் நிறையக் கல்லுப்பு அள்ளி வந்தாள். "இதயும் கலந்து போடுங்க. ஜில்லு தாங்கும்னு அவருதான் சொல்லுவாரு" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.

விலாப்பக்கம் ஐஸ் வைக்க, சிங்காரம் மாமா தனகோடியின் வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை விரிந்தது. விரல்களின் அடியில், குழாய்த் திருகைப் பிடிக்கிற இடத்தில், தோல் கருகி வெளுத்த ஒரு கோடு இருந்தது. மாமா அதைப் பார்த்தார். பிறகு செந்தமிழைப் பார்த்தார். அவளும் பார்த்துவிட்டாள்.

"என்னடா?" என்றாள் விருத்தாம்பாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடி, அதன்மேல் ஐஸை வைத்தார். சுவரில் சாய்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பி வாசல் பந்தலில் உட்காரவைத்தார்.

சாயங்காலம் புழுக்கம் தாங்காமல் யாரோ எழுந்து வந்து, "ஏம்பா, ஃபேனாவது போடக்கூடாதா?" என்றார்கள்.

மெயின் சுவிட்சுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சிங்காரம் மாமா எழுந்திருக்கவில்லை. அவர் காலில் தனகோடி சந்தையில் வாங்கிய ரப்பர் செருப்பு இருந்தது.