பஸ்மினா அரித்த மணல்

மகள், நீ மீன் வளர்க்கப் போகிறாய் என்று உன் உம்மா சொன்னதிலிருந்து டோஹாவில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொட்டிக்கு என்ன மணல் போடப் போகிறாய்? அவசரப்பட்டுக் கொட்டிவிடாதே. முதலில் இதை வாசி. நீ பிறப்பதற்கு முன் சாய்ந்தமருதில் உங்கள் வீட்டில் நடந்தது இது.

யுத்தம் முடிந்த வருஷம். நான் விசாவுக்குக் காத்திருந்தேன். உன் உம்மா, என் அக்கா பஸ்மினா ராத்தா, கல்யாணம் முடித்த புதிது. ஆசைப்பட்டு ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு ஏஞ்சல் மீன்களும் வாங்கியிருந்தாள். மணலுக்கு உன் வாப்பா காலிதீன் மச்சான் பொறுப்பேற்றார். கடல் கூப்பிடு தூரம். ஒரு சாக்கு அள்ளி வந்தார். சுனாமிக்குப் பிறகு கிணற்றை இறைத்து, குளோரின் தூள் போட்டுத்தானே நாங்கள் தண்ணீர் எடுத்தோம்? அன்றிலிருந்து எங்கள் ஊரில் எந்த அழுக்குக்கும் அந்தத் தூள்தான் மருந்து. மச்சான் மணலுக்கும் தாராளமாகப் போட்டு, அப்படியே தொட்டியில் கொட்டினார்.

விடிந்தபோது மூன்று மீன்கள் மல்லாந்து கிடந்தன. துடுப்புச் செட்டையில் கறுப்புக் கோடு உள்ள ஒன்று மட்டும் சரிந்தபடி நீந்தியது. ராத்தா அதை நல்ல தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மாற்றினாள்.

மச்சானுக்குத் தேத்தண்ணியும் பணிசு பன்னும் விற்கும் கடை. வெறும் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இஞ்ச பாரு புள்ள, இதுவும் மவுத்தாப் போனா இந்தப் பெட்டி கடைக்கு வரும். உள்ளுக்க பணிசு நீந்தும்."

"மீன் சாகாது. நீங்க தூள் டப்பாவத் தொடாம இருங்க, போதும்."

சொன்ன கையோடு டப்பாவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அந்தத் தொட்டி அவளுக்கு எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் விளங்கியது.

மிச்சக் கடல் மணலில் ஒரு பிடியைக் கழுவிப் பீங்கான் தட்டில் வைத்து, அச்சாறுக்குப் போடும் வினாகிரியை ஊற்றினாள். மணல் சோடா போலப் பொங்கியது.

"பாத்தியாடா றிபாத்? முழுக்கச் சிப்பித்தூள். சிப்பியச் சுட்டாத்தானே சுண்ணாம்பு? தூளக் கழுவினாலும் இந்தச் சிப்பி தண்ணிய மாத்திக்கிட்டே இரிக்கும். ஆத்து மணல் வேணும். சைக்கிள எடு."

சொறிக்கல்முனைக் கிராமத்துக்குப் போனோம். வழியில் யாரும் எங்களை மறிக்கவில்லை. ஆனாலும் யுத்தகாலச் சோதனைச் சாவடிப் பழக்கத்தில், அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மச்சானின் கடைக்குப் பால் கொடுக்கும் செல்லத்தம்பி அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஆற்று மணல் குவிந்திருந்தது.

"என்ன தங்கச்சி, நீங்களும் வீடு கட்டுறீங்களோ?"

"ஓம் அண்ணன், மீனுக்கு."

"அது எத்தின அறை கேட்டது?"

ராத்தா சிரித்தபடி குவியலின் அடியில் கையை விட்டு, பருமணலும் பொடிக்கல்லும் கலந்ததாக ஒரு வாளி அள்ளினாள். கைப்பையிலிருந்து வினாகிரிப் போத்தலை எடுத்து அதில் கொஞ்சம் ஊற்றினாள். ஒரு நுரை இல்லை.

"மணலுக்கு அச்சாறும் போடுறீங்களோ!" என்றார் செல்லத்தம்பி.

வீட்டுக்கு வந்ததும் அரிக்கன் சட்டியை எடுத்தாள். உள்ளே வரிவரியாகக் கீறிய அந்த மண்சட்டியில் அரிசியைச் சுழற்றினால் கல் அடியில் தங்கிவிடும் அல்லவா? அவள் மணலைச் சுழற்றினாள். சேறும் சருகும் மேலால் வழிந்தன. தண்ணீர் கண்ணாடியாகும் வரை ஓயவில்லை. பிறகு பானையில் போட்டு அவித்தாள்.

கடையிலிருந்து வந்த மச்சான் மூடியைத் திறந்தார். "ஊரெல்லாம் கல்ல எறிஞ்சி அரிசிய அவிக்கிது. நீ கல்லயா அவிக்கிறாய்?"

"இராச் சாப்பாடு உங்களுக்கு அதுதான்."

ஆறிய பிறகு அவள் செய்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. தலையில் போடும் பழைய நைலோன் சோல் ஒன்றை விரித்து, கற்களை ஒவ்வொன்றாக அதன்மேல் உருட்டினாள். நூலை இழுத்த கல் வெளியே போனது.

"நூலக் கிழிக்கிறது செட்டையையும் கிழிக்கும்" என்றாள். அந்தப் பொறுமையைப் பார்த்து மச்சான்கூடப் பகிடியை நிறுத்திவிட்டார்.

மணலைப் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் சரிவாகவும் பரப்பினாள். அதன்மேல் ஒரு பீங்கானை வைத்து, மணல் கலங்காதபடி பீங்கானில் மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். மிஞ்சிய குளோரின் பறந்துபோகட்டும் என்று தண்ணீரை இரண்டு நாள் அப்படியே நிற்க விட்டாள். பிறகு "பிஸ்மில்லாஹ்" சொல்லி மீனை விட்டாள்.

மீன் சரிந்தபடியே அடிக்குப் போய்க் கல்லோடு கிடந்தது. ராத்தா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது மீன் ஒருதரம் செட்டையை அடித்து நிமிர்ந்தது.

அடுத்த நாள் காலை, கடைக்குப் போக வேண்டிய மச்சான் தொட்டிக்கு முன்னால் நின்றார். மீன் ஒரு வாய் மணலைக் கொத்தித் துப்பியது.

"கையில என்ன?" ராத்தா குசினி அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

பணிசுத் துண்டு.

"கொஞ்சம்தான் புள்ள. பசியில மண்ணத் திங்கிது, பாவம்."

"தண்ணி பழுதாப் போகும்! நீங்களே தின்னுங்க."

மச்சான் பணிசை வாயில் போட்டு மென்றபடி மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கடைக்கு வேற பெட்டிதான் பாக்கணும்" என்றார்.