கோட்டுக்கு வெளியே நின்ற மாமா

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கிண்ணியாப் பாலத்தில் நின்று, இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் சாட்சி வைத்துச் சொல்லலாம்.

ஜவ்பர் தன் தங்கை ரிப்காவின் கலியாணத்தைத் தானே வீடியோ எடுத்தான். வாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தவர் தாய்மாமன் அபூதாஹிர். படத்தில் மாப்பிள்ளை வந்தார். அவரைப் பிடித்த கையும் வந்தது. மாமா வரவில்லை.

"இந்தக் கை என்ட. மிச்ச ஆள் எங்கடா?" என்றார் அபூதாஹிர். "நான் முழுசா வாற வரைக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து உம்மா சோறு தின்னவில்லை, ஜவ்பருக்கும் போடவில்லை.

"மாமாவக் கொண்டு வாங்க காக்கா. இல்லாட்டி கமராவ ஆக்கித் தின்னுங்க" என்று அண்ணனிடம் சொன்னாள் ரிப்கா.

பசிக்கு மிஞ்சியிருந்தது, துறைமுகத்தில் நின்ற ஈரான் கப்பல்காரன் ஒருவன் கொடுத்த பேரீச்சம்பழ டின்தான். அதன் மூடியில் பழைய பாரசீகச் சிற்றோவியம் ஒன்றை அச்சடித்திருந்தார்கள். ராஜா வேட்டைக்குப் போகிறார். சுற்றிவரத் தங்கக் கோடு. ஆனால் குதிரையின் முன்னங்கால் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது. கொடிக்கம்பம் மேற்கோட்டைப் பிளந்துகொண்டு போகிறது. ஜவ்பர் வாயில் கொட்டையோடு அப்படியே இருந்துவிட்டான். கமராவின் நாலு விளிம்பும் கத்தி. வெளியே நிற்கிறவனை வெட்டிப் போட்டுவிடும். இந்த ஓவியனோ, கோட்டைக் கீறிய பிறகும் வெளியே நிற்கிறவனுக்கு ஓரத்தில் இடம் வைத்திருக்கிறான்.

வீடியோவைச் சுருக்கி, சுற்றிவரப் பொன்னிறத்தில் ஓரம் விட்டான். பந்தலில் எடுத்த துண்டிலிருந்து மாமாவைப் பெயர்த்து, அந்த ஓரத்தில் நிறுத்தி, கையைத் தோளோடு பொருத்தினான்.

மஃரிபுத் தொழுகை முடிந்து இருட்டியதும் முற்றத்துச் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, எதிரே புரொஜெக்டரை வைத்தார்கள். மாமா வந்தார். கேற்றுக்கு வெளியே, தெருவில், கதிரை போட்டு இருந்தார்.

படம் ஓடியது. ஓரத்தில் மாமா, முழுசாக. அதோடு நின்றிருக்கலாம். மாமாவுக்குப் பின்னால், ஜவ்பர் எடுக்கவே எடுக்காத சமையல்காரர் அகப்பையோடு வந்தார். அவருக்குப் பின்னால் ஆடு. பிறகு வீட்டுக்கு வரும் ஒழுங்கை. சீலை முடிந்தது, படம் சுவரில் போனது. சுவர் முடிந்தது, கொட்டியாரக் குடா விரிந்தது. மூதூர்த் தோணிகள், அந்தப் பக்கம் சம்பூர்க் கரை, துறைமுகத்தில் விளக்குப் போட்ட கப்பல்கள், அவற்றுக்கு மேலே வானம். ஒன்றையும் ஒன்றும் வெட்டவில்லை. கைக்குழந்தைகள்கூட அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

மாமா எழும்பி நின்றார்.

"அது நான்தானே மகன்?"

"ஓம் மாமா. முழுசா."

"செருப்பும் படத்துல விழுந்திருக்கு" என்றார். காலில் கிடந்ததைக் கேற்றடியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். உம்மா குசினிக்குள் ஓடிப்போய் உலை வைத்தா.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை தொடங்கி மறுநாள் விடியற்காலைச் சுபஹு வரைக்கும் கிண்ணியாவில் மின்சாரம் இல்லை.