ரோமம் உள்ளதும் இல்லாததும்

ஸ்பிரிட் ஜாடியிலிருந்த பூவை இடுக்கியால் எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்த தாவர ஆய்வாளர், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். பூவின் அடிப்புறம் முழுக்க வெள்ளை ரோமம்.

மலைச்சரிவில் இரண்டு ஊதாப் பூச்செடிகள் கலந்து வளர்கின்றன. பெற்றவளே குழம்பிப்போகும் அளவுக்கு ஒரே ஜாடை. ஒன்று, அழியும் தருவாயில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறியது. அந்தச் சரிவைவிட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மற்றது கண்ட இடத்தில் முளைக்கும். அதைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. ரோமம் இல்லாததுதான் அரியது என்று அடித்துச் சொன்னவள் இவள். எதை வைத்து? அட்டையில் ஒட்டிய, அந்த அரிய செடியின் காய்ந்த பழைய மாதிரியை வைத்து. கைக்குக் கை மாறியதில் ரோமமெல்லாம் உதிர்ந்திருக்கும் என்று இந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவில்லை. அதே செடியில் அன்றே பறித்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்த பூவை இன்றுதான் எடுத்துப் பார்க்கிறாள். அவள் பேச்சை நம்பி வருடக்கணக்காக ரோமச் செடியைக் களையென்று பிடுங்குகிறார்கள். மிச்சமிருந்த மேட்டையும் முடிக்க இன்று காலைதான் அவள் தங்கை ஆட்களோடு போயிருந்தாள்.

தங்கையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

“அண்ணே, வண்டிய எடுங்க!”

“டீ பாதியில இருக்கும்மா,” என்றார் டிரைவர்.

“அதையும் தூக்கிட்டு வாங்க!”

பாதை முடிந்த இடத்தில் இறங்கி ஓடினாள். செருப்பு அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். “பிடுங்காதீங்க!” என்று கத்தியது எதிர்காற்றில் அவள் காதுக்கே எட்டவில்லை.

மேட்டில் தங்கை முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். காலடியில் ஊதாக் குவியல், வெயிலில் துவண்டு கிடந்தது.

“வாக்கா! ஒண்ணு விடல. எல்லாம் வேரோட எடுத்தாச்சு.”

அக்கா மண்டியிட்டு, கழுத்தில் தொங்கிய லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ரோமம்.

“இதுதான்டி அது. நாம காப்பாத்த வந்தது.”

“நீதானே களைன்னு சொன்னே?”

“தப்பா சொல்லிட்டேன்.” அவள் குவியலைக் கிளறத் தொடங்கினாள். “ஈரம் இருக்கற வேரா பாத்துப் பிரி. உடனே நடணும்.”

வேர்களில் ஈரம் எங்கே இருக்கும்? பிடுங்கியது மறுபடி வேர் பிடித்துவிடக் கூடாதென்று மண்ணை நன்றாக உதறச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். தங்கை சொன்னபடி செய்திருந்தாள்.

“இப்பவாவது நிச்சயமா தெரியுமாக்கா?”

“தெரியும்.”

தங்கை அக்காவின் கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றி, முதல் செடியைத் தானே பார்த்துவிட்டுத்தான் குழி தோண்டினாள்.