சலிக்கவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மண் பையின் முதுகில் கிடைத்தது. ‘பயன்படுத்துமுன் நன்றாகச் சலிக்கவும்’ என்று அச்சடித்திருந்தார்கள். தூசி போகச் சல்லடையில் சலிக்கச் சொல்கிறார்கள். நானோ, மனசு சலித்துப்போகச் சொல்கிறார்கள் என்று படித்துத் தொலைத்தேன். சிரித்து முடிப்பதற்குள் ஒரு பிளம்பர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

2

முதல் தொடக்கம்: ‘வசந்தத்தின் மெல்லிய காற்று பால்கனியில்...’ (வேண்டாம். எனக்குக் காற்று வீசினால் கதை நகராது.)

இரண்டாவது: பிளம்பர் பால்கனியில் குந்தி மண் சலித்துக்கொண்டிருந்தார். எதிரே அவர் மகள் வளர்க்கும் எல்ம் போன்சாய், முழங்கை உயரக் குட்டி மரம். வேர் தொட்டியை அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கவில்லை. எந்த பிளம்பர் அதைப் பொறுப்பார்? தோட்டத்து மண் இறுகிவிடும் என்று, சுட்ட களிமண் குருணையும் நுரைக்கல்லும் வாங்கிவந்திருந்தார்.

3

மகள் நர்ஸ். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. “தொட்டி மாத்திட்டுத்தான் கிளம்புவேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டாள். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“என்னப்பா, இன்னும் சலிக்கலையா?”

“சலிக்கலைம்மா.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“தூசி நின்னா தண்ணி இறங்காது. நான் எத்தனை அடைப்பு பார்த்தவன், எனக்கே சொல்றியா!”

(* ‘சலிக்கலை’ என்ற அவர் பதிலில் பொய் இல்லை. மகளோடு இருந்து அவருக்கு இன்னும் சலிக்கவில்லை.)

4

இந்த ஆள்மேல் எனக்குச் சந்தேகம். மொட்டு புடைத்து, இலை விரியுமுன் வேரைக் கத்தரித்துத் தொட்டி மாற்ற வேண்டும். விரிந்தபின் கைவைத்தால் மரம் தாங்காது. தெரிந்தும் இழுத்தடிக்கிறார். ‘பாசம்’ என்று எழுதி அடித்தேன். ‘கள்ளத்தனம்’ என்று எழுதி அதையும் அடித்தேன். இரண்டும்தான்.

மகள் குனிந்து பார்த்தாள். “மொட்டு முனையில பச்சை தெரியுதுப்பா.”

சல்லடை நின்றது.

“மரத்தைப் பிடிச்சு வெக்கிறீங்களா, என்னையா?”

பிளம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாம்.

“மண்ணு மாத்தினா கொஞ்ச நாளைக்கு மரத்தை அசைக்கக்கூடாதுப்பா. இங்கதான் இருக்கும். பார்க்க வருவேன்ல?”

“யாரை?”

“மரத்தைத்தான். உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க!”

இருவரும் சிரித்துவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த நானும்.

5

முடிவு ஒன்று: சலித்தாயிற்று. மரம் துளிர்க்கிறது, மகளின் அறை காலியாகிறது.

முடிவு இரண்டு: இலை விரிந்துவிடுகிறது. அடுத்த வசந்தம்வரை தொட்டியைத் தொட முடியாது, வேலையும் காத்திராது. அவர் ஜெயித்துவிட்டார், ஆனால் மகள் முகத்தைப் பார்க்க...

(இதற்குமேல் எழுத வரவில்லை.)

“கடைசியா கேக்கறேன், சலிச்சாச்சாப்பா?”

அவர் வாயைத் திறந்து “சலி” என்றதுமே பேனாவை வைத்துவிட்டேன். மிச்ச எழுத்துகள் உங்களுடையவை. ரொம்ப யோசிக்காதீர்கள். முனையில் பச்சை தெரிந்துவிட்டது.