அடி மட்டும் மிங்

2009 நவம்பர் 12, வியாழக்கிழமை, காலை எட்டு நாற்பது. சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென்னில் மெல்லிய தூறல். சேகரிப்பாளர் சங்கத்தின் மதிப்பீட்டு அறையில், ஷு பெய்லான் தன் தந்தையின் நீலவெள்ளைக் கிண்ணத்தைக் கம்பளி விரித்த மேசையில் வைத்துக் கையை எடுத்தாள். அதன் பிறகே மதிப்பீட்டாளர் பெங் சிஷெங் அதைத் தொட்டார். பீங்கானைக் கைக்குக் கை மாற்றினால், உடைந்தது யார் கையில் என்ற வழக்கு எழும்.

'மிங் பேரரசர் காலத்தது' என்று அவர் கையெழுத்திட்டால், கிண்ணம் சங்கத்தின் பெரிய கூடத்தில் தந்தையின் பெயரோடு நிற்கும். இறக்கும் முன் தந்தை கேட்டது அது ஒன்றுதான்.

பெங் கிண்ணத்தைக் கவிழ்த்தார். ஆறெழுத்து அரச முத்திரை. நீலத்தின் கறுத்த புள்ளிகள் கண்ணாடிப் பூச்சுக்குள் அமிழ்ந்திருந்தன; இரண்டும் அசலின் அடையாளங்கள்.

"அடியப் பாத்ததும் அப்பா வீட்டையே எழுதிக் குடுக்கத் துணிஞ்சாராம், அண்ணே."

"நானும் குடுத்திருப்பேன். என் வீடு ஒழுகுது, எவன் வாங்குவான்?"

அவள் சிரித்தாள். அவர் கிண்ணத்தை நிமிர்த்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், உட்புறம் விரலால் தடவினார், நகத்தால் தட்டினார். மணிபோல் நீளவேண்டிய ஒலி பாதியில் நின்றது. அவர் மறுபடி தட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, வாயில கொழுக்கட்டையா?"

அவர் கிண்ணத்தை மேசையில் வைத்துக் கையை எடுத்தார். "வெளிச்சத்துல நீயே பாரு."

அடிக்குச் சற்று மேலே, மயிரிழை போன்ற ஒரு நிழல் கிண்ணத்தைச் சுற்றி ஓடியது.

"அடி அசல். உடைஞ்சுபோன மிங் கிண்ணத்தோடது. மேல எல்லாம் நம்மூர்க்காரன் புதுசா வனைஞ்சு ஒட்டவச்சுச் சுட்டது."

"அப்பாவுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"வெளியூர்க்காரன்னா மேல வரைஞ்ச படத்தப் பாப்பான். நாமதான் மொதல்ல கவுத்துப் பாக்குறோம். அடி சரின்னா அதோட சரி, மேல ஏறிப் பாக்குறதே இல்ல."

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து முத்திரையைப் பார்த்தாள். "அடிய மட்டும் எழுதுங்களேன். அது பொய்யில்லையே."

"பொய்யில்லதான். ஆனா படிக்கிறவன் முழுக் கிண்ணம்னு நினைச்சுப்பான்."

தூறல் நின்றுவிட்டிருந்தது. பெங் பேனாவைத் திறந்து, அடி மிங் காலத்தது என்றும் உடல் இக்காலத்தது என்றும் எழுதினார். "பெரிய கூடத்துல வைக்க முடியாது. ஆராய்ச்சி அறையில, பின்னால விளக்கு வச்சு, ஒட்டுத் தெரியுறமாதிரி வைக்கலாம். அப்பா பேரு போடவா, வேண்டாமா?"

ஏமாந்தவர் என்ற பெயரும் அதனோடு சேர்ந்தே நிற்கும். அது அவளுக்கும் தெரிந்தது.

"போடுங்க. அவரு பாத்த வரைக்கும் சரியாத்தான பாத்தாரு."

அவர் அதையும் எழுதினார், கையெழுத்திட்டார், மை உலரக் காத்திருந்தார். பின்னர் தாளைக் கம்பளியின் மேல் வைத்துக் கையை எடுத்தார். அதன் பிறகே அவள் அதை எடுத்துக்கொண்டாள்.