லெயோ டொக்டரின் இரண்டு சீல்

ஹெக்டர் இறந்து நாற்பத்தோராம் நாள், அவர் மனைவி பிறிஜெற் ஒரு ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் லெயோ டொக்டரின் டிஸ்பென்சரி வாங்கில் போய் உட்கார்ந்தாள். ஃபைலுக்குள் இருந்தது அதே லெயோ டொக்டர் மீதான முறைப்பாடு.

வேண்டுமென்று போகவில்லை. கடதாசி அத்தாட்சிப்படுத்த வேண்டுமென்றால் அந்தத் தெருவில் எல்லாருடைய காலும் தானாகவே அங்கே போகும். அவர் சமாதான நீதவானும்கூட. மகள் சாமினியின் பள்ளிக்கூட அனுமதியிலிருந்து ஹெக்டரின் துறைமுகப் பென்ஷன் வரை, அவர் சீல் குத்தாத கடதாசி வீட்டில் இல்லை. வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்பது பிறிஜெற்றுக்கு உறைத்தது. எழும்பிப் போகவும் மனம் வரவில்லை. மரத்துப்போன ஆளுக்கு எந்த வாங்கும் ஒன்றுதான்.

வைத்தியர்களை விசாரிக்கும் சபையில் அவளை ஒரு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சும்மா கடிதம் காணாது, அன்ரி. சத்தியக்கடதாசி வேணும். டொக்டரின்ட முழுப் பேரும் பதிவு இலக்கமும் வேணும். நீங்க கண்ணால கண்டதை மட்டும் எழுதுங்கோ" என்றாள் அங்கே இருந்த கிளார்க்.

முழுப் பேருக்கு எங்கே போவது? ஊருக்கே அவர் லெயோ டொக்டர்தான். அதைவிடக் கண்ணால் கண்டது என்பதுதான் பிறிஜெற்றை உறுத்தியது. அன்றைக்கு அவள் வெளியே இதே வாங்கில் இருந்தாள். நெஞ்சு நோவென்று உள்ளே போன ஹெக்டர் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து, "குழாய்கூட வைச்சுப் பார்க்கேல்ல. வெறும் வயித்துக் காஸ்டிக்காம்" என்றார். மறுநாள் மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சரிந்தார். காணாததைச் சத்தியம் பண்ணி ஒரு மனிதரின் சோற்றில் மண் அள்ளிப் போடுவதா? டொக்டர் என்ன பிழை விட்டார் என்று எழுதும் இடத்தை வெறுமையாக விட்டே டைப் செய்யச் சாமினியிடம் சொல்லியிருந்தாள்.

அவள் முறை வந்தது.

"வாங்கோ பிறிஜெற். கவலைதான், என்ன செய்யிறது" என்றார் டொக்டர். கை அதற்குள் ஃபைலைத் திறந்துவிட்டது. "எங்க, கையெழுத்தை வையுங்கோ."

வைத்தாள்.

"வாசிச்சு விளங்கினதுதானே? எல்லாம் உண்மைதானே?"

"ஓம் டொக்டர்."

கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்திட்டார். நீதவான் சீல் ஒன்று, வைத்தியர் சீல் ஒன்று. எந்தக் கடதாசியானாலும் இரண்டையும் குத்துவது அவர் பெருமை. முதல் பக்கத்தில் தன் பெயர் இருப்பதை அவர் பார்க்கவேயில்லை. மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தெருவுக்கு வந்து பிறிஜெற் தாளைப் பார்த்தாள். வைத்தியர் சீலில் முழுப் பேர்: மரியாம்பிள்ளை லெயோ பிரான்சிஸ். கீழே பதிவு இலக்கம். தன் மீதான முறைப்பாட்டில் தானே கையெழுத்திட்டால் அது செல்லாது என்று அவளுக்கும் தெரியும். பொரளையில் வேறொரு நீதவான் இருக்கிறார். பஸ் தரிப்பில் நின்று சாமினிக்குப் போன் எடுத்தாள்.

"மகள், அந்த வெறும் இடத்தில இப்ப எழுது."

"என்னம்மா எழுத?"

"கையில குடுத்ததை என்னெண்டும் பார்க்காமல் முடிச்சு அனுப்பிற ஆள் எண்டு எழுது. அதை நான் கண்டனான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சவப்பெட்டியை மூடும்போதுகூட வராத அழுகை.