புது செட்டு எப்படி?

பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐஸ்வர்யா அப்பாவின் போனோடு நின்றாள். எழிலரசன் மாமா செத்துப்போன அப்பாவின் விரலையே அதில் வைத்துப் பார்த்துவிட்டார், திறக்கவில்லை. சொந்தம், கம்பெனி, தெரு எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. அப்பா தினமும் காலையில் ஹாம் ரேடியோ என்கிற வயர்லெஸ்ஸில் பேசும் ஆட்களுக்குத்தான் சொல்ல வழியில்லை. வருஷக்கணக்கான பழக்கம், ஒருவர் முகமும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ராகு காலத்துக்கு முன்ன எடுத்துடணும். மொகம் தெரியாதவனுக்கெல்லாம் வெச்சிகினு இருக்க முடியுமா?" என்றார் மாமா. அவர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது.

அம்மா சசிரேகா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. புருஷனை அந்த ரேடியோவுக்குத் தாரைவார்த்துவிட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

ஐஸ்வர்யா காருக்குப் போனாள். போன வாரம்தான் அப்பா அதில் கலர் திரை வைத்த புது ரேடியோ செட்டை மாட்டினார். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா, லாரிச் சத்தத்தில் குரல் கேட்கிறதா என்று பார்க்க அவளையும் இழுத்துக்கொண்டு படப்பையிலிருந்து ஒரகடம் வரை போய்வந்தார். செட்டு எப்படி என்று இன்று காலை நண்பர்களுக்கு விவரமாகச் சொல்வதாக இருந்தது. விடிவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

செட்டைப் போட்டதும் ஒரு தெற்கத்திக் குரல். "ரகுபதி அண்ணாச்சிய இன்னும் காணலயே. புது செட்டப் பத்தி இன்னைக்குச் சொல்லுதேன்னாவ."

லைசென்ஸ் இல்லாமல் மைக்கைத் தொட்டால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். அவள் பட்டனை அழுத்தினாள்.

"நான் அவர் பொண்ணு பேசறேன். அப்பா காலைல தவறிட்டாருங்க. கொஞ்ச நேரத்துல எடுத்துடுவாங்க."

 அதே குரல் வீடு எங்கே என்று கேட்டது. சொன்னாள்.

"இருங்காட்டுக்கோட்டையில இருக்கேன்மா. இந்தா வந்துருதேன். எடுத்திராதீங்க."

பாடை தயாரானபோது கேட்டில் ஒருவர் வந்து நின்றார். கம்பெனி சட்டை, நரைத்த மீசை, கையில் ஹெல்மெட்.

"யாருப்பா நீ?" என்று மறித்தார் மாமா.

"அண்ணாச்சியப் பாக்கணும்."

அந்தக் குரல் கேட்டதும் உள்ளேயிருந்து அம்மா தலையைத் தூக்கினாள். "அது நயினாரு. உள்ள வுடு."

ஐஸ்வர்யா அம்மாவையே பார்த்தாள். நயினார் அப்பாவின் காலடியில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். அம்மாதான் பேசினாள்.

"ஸ்கிரீன் வெயில்ல நல்லா தெரியுதாம். மைக்குதான் சொதப்புதுன்னாரு. ராத்திரி சாப்புடறப்போ சொல்லிகினு இருந்தாரு."

"வேற என்ன சொன்னாவ மதினி?"

நயினார் தரையில் உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.